கிளர்ச்சிக்காரரும் ஒரு கொலையும்: வரலாற்றுக் குற்ற நாவலை வாசிப்பது எப்படி?

பழைய புத்தகக் கடைகளில் ஒரு வகை நாவல் அடிக்கடி கண்ணில் படும். அட்டையில் ஒரு கொடி, ஓர் ஊர்வலம், தரையில் விழுந்து கிடக்கும் ஓர் ஆள். உள்ளே நூறு வருடத்துக்கு முந்திய ஒரு நகரம், அரசைக் கவிழ்க்கத் துடிக்கும் ஒரு கூட்டம், ஒரு கொலை, அதைத் துலக்க வரும் ஒருவர். வாசித்து முடித்தவர்களில் பாதிப் பேர் "இதெல்லாம் அப்படியே நடந்தது" என்கிறார்கள். மீதிப் பேர் "கதைதானே, எல்லாம் கட்டினது" என்கிறார்கள்.

இரண்டுமே பிழை. இலங்கை மலையகத்தில் இந்தப் பிழைக்குக் கூடுதல் விலை உண்டு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் இறந்த தொழிலாளி கோவிந்தனைப் பற்றிப் பேச்சு எழும்போது, விசாரணையில் பதிவானது எது, பின்னால் கதையாகவும் மேடைப் பேச்சாகவும் சேர்ந்தது எது என்று பிரித்துச் சொல்ல நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. நம் சொந்த மனிதர்களின் சாவு இப்படிக் கலங்கிப்போகக் கூடாது. அதனால் அடியிலிருந்து தொடங்குவோம்.

காமன் கூத்தில் முடிவு எல்லாருக்கும் தெரியும்

மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கிறது. சிவன் கண்ணைத் திறப்பார், மன்மதன் எரிவான், ரதி அழுவாள். இது தெரியாத பிள்ளை தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இல்லை. இருந்தும் விடிய விடியக் கூட்டம் கலையாது. என்ன நடக்கும் என்பதற்காக யாரும் விழித்திருப்பதில்லை. எப்படி நடக்கும் என்பதற்காகத்தான் விழித்திருக்கிறார்கள்.

வரலாற்று நாவல் இந்தக் கூத்தைப் போன்றது. இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் நால்வர் 1942 ஏப்ரல் 7ஆம் திகதி இரவு கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து தப்பினார்கள். இதை வைத்து ஒருவர் நாவல் எழுதினால், அவர்கள் பிடிபடுவார்களா என்று வாசகரை ஏங்கவைக்க முடியாது. அன்றிரவு கதவு எப்படித் திறந்தது, காவலர் ஒருவரே ஏன் கூட வந்தார், வெளியே யார் காத்திருந்தார்கள் என்பதில்தான் அவர் பிடியை வைக்க வேண்டும்.

குற்ற நாவல் இதற்கு நேர் எதிர்த்திசையில் நடக்கிறது. அங்கே முடிவை மறைத்து வைத்தால்தான் கதை ஓடும். லயத்துக் காம்பராவில் வைத்த சீட்டுக் காசு காணாமல் போனால் என்ன செய்கிறோம்? கடைசியாக உள்ளே போனது யார், கதவு பூட்டியிருந்ததா, யாருக்குக் காசு முடை என்று ஒவ்வொன்றாகக் கழிக்கிறோம். துப்பறிவு என்பது இந்தக் கழித்தல்தான்.

முடிவு தெரிந்த காலத்துக்குள் முடிவு தெரியாத ஒரு குற்றத்தை வைத்து எழுதுவதே வரலாற்றுக் குற்ற நாவல். பெரிய சம்பவம் ஊருக்குத் தெரிந்தது, அதன் மடியில் கிடக்கும் சின்னப் பிணம் நாவலாசிரியர் வைத்தது. பெரும்பாலும் இப்படித்தான். சில வேளை அந்தப் பிணமும் உண்மையாக இருக்கும். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

செக்ரோலில் இல்லாத காரணம்

தோட்டத்தில் ஆள் வரவைப் பதியும் செக்ரோலைப் பார்த்தவர்களுக்கு அடுத்த விஷயம் உடனே விளங்கும். ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே அன்றைய திகதியில் அரைப்பேர், அதாவது அரை நாள் வேலை, போட்டிருக்கிறது. அவ்வளவுதான். பிள்ளைக்குக் காய்ச்சலா, மலையில் மழை பிடித்ததா, கங்காணியோடு வாய்த்தகராறா, கொழுந்து நிறை குறைந்ததா என்று செக்ரோல் சொல்லாது.

அரைப்பேர் என்பது ஆவணம். காரணம் இல்லாதது இடைவெளி. "அன்று காலை பெரட்டுக் களத்தில் கங்காணி அவளைப் பெயர் சொல்லி ஏசினான்" என்று ஒருவர் எழுதினால் அது புனைவு. நேர்மையான நாவலாசிரியர் இடைவெளியில்தான் புனைவார். அரைப்பேரை முழுப்பேராக மாற்ற மாட்டார். மாற்றினால், கடைசியில் உள்ள ஆசிரியர் குறிப்பில் அதை ஒப்புக்கொள்வார்.

சிக்காகோவின் ஹேமார்க்கட் சதுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தங்கள் நடந்த நாட்கள். 1886 மே 4ஆம் திகதி இரவு கூட்டத்தைக் கலைக்க வந்த பொலிஸார் மீது ஒருவர் குண்டு வீசினார். ஏழு பொலிஸார் இறந்தார்கள், பொதுமக்களும் இறந்தார்கள். அரசே தேவையில்லை என்ற கொள்கையுடைய எட்டு அராஜகவாதிகள் மீது வழக்கு நடந்து, நால்வர் 1887 நவம்பர் 11இல் தூக்கிலிடப்பட்டார்கள். இவை ஆவணம். குண்டை வீசிய கை யாருடையது என்று இன்றுவரை நிறுவப்படவில்லை. அது இடைவெளி. அந்தக் கைக்கு ஒரு பெயரும் முகமும் கொடுக்கும் எந்த நாவலும் அந்த இடத்தில் புனைகிறது, எவ்வளவு உறுதியாக எழுதியிருந்தாலும் சரி. நாம் தோட்டம் தோட்டமாகக் கொண்டாடும் மே தினத்தின் வேர் இந்த எட்டு மணி நேரப் போராட்டத்தில் இருப்பதால், இந்த ஒரு வித்தியாசத்தையாவது மனதில் பதித்துக்கொள்வது நல்லது.

ஆவணம், இடைவெளி, புனைவு: இனி வருவதெல்லாம் இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது.

குற்றம் என்று எழுதி வைத்தது யார்?

சாதாரணக் குற்ற நாவலில் குற்றம் எது என்பதில் சந்தேகமில்லை. ஒருவர் செத்துக் கிடக்கிறார், கொன்றவர் குற்றவாளி. கிளர்ச்சிக்காரரைப் பற்றிய நாவலில் இந்த அடிப்படையே ஆடுகிறது. பேசியது குற்றம், கூடியது குற்றம், ஒரு வாசலைத் தாண்டியது குற்றம். எந்தச் சட்டத்தின் கீழ், எந்த ஆண்டில் என்று கேட்காமல் இந்தக் கதைகள் விளங்கவே விளங்காது.

வாசலைத் தாண்டுவதை முதலில் பார்ப்போம். அன்று தோட்டம் தனியார் நிலம். தோட்ட முகாமையாளரான துரையின் அனுமதி இல்லாமல் வெளியார் உள்ளே வந்தால் அத்துமீறிப் பிரவேசித்த குற்றம். லயத்துக்குப் போய்ச் சொந்த அண்ணனைப் பார்ப்பதற்கும் துரையின் சம்மதம் வேண்டியிருந்த காலம் அது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனார் என்று சொல்லப்படுவது இதனால்தான். இதை வெறும் சாகசமாக எழுதும் நாவல் பாதியைத்தான் சொல்கிறது. புடவை மூட்டைக்கு வாசல் திறந்தது, தொழிற்சங்கத்துக்குத் திறக்கவில்லை. வேடம் தேவைப்பட்டதற்குக் காரணம் சட்டம்.

அடுத்தது கூடுவது. நமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்படி ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சட்டம் விலக்கிய ஒரு நோக்கத்துக்காகக் கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். அந்த நோக்கத்துக்குச் சட்டம் வைத்த பெயர் பொது நோக்கம்: கூடிய எல்லாருக்கும் சேர்த்து ஏற்றப்படும் ஒரே எண்ணம். அந்த நோக்கத்தை நிறைவேற்ற ஒருவர் கல்லெறிந்தால், எறியாத மற்ற நால்வரும் அதற்குப் பொறுப்பாளி ஆகலாம். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோர் முன்னால் சம்பளம் கேட்டு நிற்கும் ஐந்து பேருக்கு, அவர்களில் ஒருவர் என்ன செய்வார் என்பது எவ்வளவு பெரிய கவலை என்று எண்ணிப் பாருங்கள். நல்ல நாவலில் இந்தக் கவலை வசனத்தில் தெரியும்: "நீ சும்மா நில்லு, கையைத் தூக்காதே."

ஹேமார்க்கட் வழக்கும் இதே தடத்தில் போனதுதான். எட்டுப் பேரில் யாரும் குண்டு வீசியதாக நிரூபிக்கப்படவில்லை. அவர்களது பேச்சும் எழுத்தும் வீசியவரைத் தூண்டின என்பதே வழக்கின் சாரம். 1893இல் இலினொய் மாநில ஆளுநர் ஆல்ட்கெல்ட், உயிரோடு எஞ்சிச் சிறையில் இருந்த மூவரையும், விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்று சொல்லி விடுவித்தார். ஆகவே இந்த வகை நாவலில் "யார் செய்தது?" என்ற கேள்வியோடு "யாரைப் பொறுப்பாளியாக்கினார்கள், எந்த வழியால்?" என்ற கேள்வியும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவதைத் தவறவிட்டால் புத்தகத்தில் பாதி கையை விட்டுப் போகும்.

மூன்றாவது, பேச்சு. இதற்கு நம் மண்ணிலேயே எடுப்பான எடுத்துக்காட்டு இருக்கிறது. மார்க் அந்தனி பிரேஸ்கேடில் மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தோட்ட நிர்வாகம் பழக வந்த இளைஞர், அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். தொழிலாளர் பக்கம் சாய்ந்ததால் வேலை போனது. சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். அதே மாதம் தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். 48 மணி நேர அவகாசம். அவர் தலைமறைவாகி, மே 5ஆம் திகதி காலிமுகத்திடல் கூட்டத்தில் மேடையேறி எல்லாரையும் திகைக்க வைத்தார். பின் கைதானார்.

நாவலாசிரியர்கள் பெரும்பாலும் இந்த மேடையேற்றத்தோடு நின்றுவிடுவார்கள், காட்சி அழகாக இருப்பதால். விஷயத்தின் உயிர் அதற்குப் பின் இருக்கிறது. ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆட்கொணர்வு மனு என்றால், பிடித்து வைத்திருப்பவரைக் கொண்டுவந்து நிறுத்தி, எந்தச் சட்டத்தால் பிடித்தாய் என்று காரணம் காட்டச் சொல்லும் விண்ணப்பம். தேசாதிபதி கையிலெடுத்தது 1896ஆம் ஆண்டு ஆணை ஒன்றை. அது நெருக்கடிக் காலத்துக்கென்று செய்த ஆணை. அமைதியான நாளில் ஒருவர் பேச்சைப் பிடிக்கவில்லை என்று அதைப் பயன்படுத்த முடியாது என்று நீதிமன்றம் 1937 மே 18இல் தீர்ப்பளித்து அவரை விடுவித்தது. ஏப்ரலில் குற்றவாளியாகத் தேடப்பட்டவர் மே மாதக் கடைசியில் தெருவில் சுதந்திரமாக நடந்தார். அவர் செய்தது மாறவில்லை. சட்டத்தை வாசித்த விதம் மாறியது.

ஆக, கிளர்ச்சிக்காரர் கதையில் குற்றம் என்பதற்கு இரண்டு பாகம் உண்டு: நடந்த செயல் ஒன்று, அதற்குச் சட்டம் ஒட்டிய பெயர் இன்னொன்று. நாவல் எந்தப் பாகத்தை விசாரிக்கிறது என்று முதல் ஐம்பது பக்கத்துக்குள் கண்டுபிடித்துவிடலாம்.

உள்ளே இருந்து தள்ளிவிடுபவர்

இந்த நாவல்களில் தவறாமல் வரும் ஒரு பாத்திரம் உண்டு. கூட்டத்தில் எல்லாரையும் விடச் சூடாகப் பேசுவார், ஆயுதம் வாங்கக் காசு கொடுப்பார், கடைசியில் பொலிஸின் ஆளாக இருப்பார். தூண்டு உளவாளி என்று இவரைச் சொல்லலாம். சாதாரண உளவாளி நடப்பதைப் பார்த்துச் சொல்பவர். தூண்டு உளவாளி நடக்க வைத்துவிட்டுச் சொல்பவர்.

"இப்படியெல்லாம் நடக்குமா, கதைக்காகச் சேர்த்தது" என்று பலர் நினைக்கிறார்கள். நடந்திருக்கிறது. 1820இல் இலண்டனில் ஆர்தர் திஸில்வுட்டும் கூட்டாளிகளும் பிரித்தானிய அமைச்சரவை முழுவதையும் ஒரே விருந்தில் கொல்லத் திட்டமிட்டார்கள். அந்த விருந்துச் செய்தியைப் பத்திரிகையில் காட்டி அவர்களை உசுப்பியவர் ஜோர்ஜ் எட்வர்ட்ஸ். செய்தி பொய், விருந்தே இல்லை. எட்வர்ட்ஸ் அரசாங்கத்தின் ஆள். பெப்ரவரி 23ஆம் திகதி கேட்டோ தெருவின் ஒரு குதிரை லாயத்தில் கூட்டம் பிடிபட்டது. மே 1ஆம் திகதி ஐவர் தூக்கிலேறினார்கள். வழக்கில் எட்வர்ட்ஸை அரசுத் தரப்பு சாட்சிக் கூண்டில் ஏற்றவே இல்லை. ருஷ்யாவில் இதைவிடக் கூடிய ஒன்று நடந்தது: அமைச்சர்களைக் கொல்லும் புரட்சிப் படைக்குத் தலைமை தாங்கிய யெவ்னோ அசெப், அதே காலத்தில் இரகசியப் பொலிஸிடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். 1904இல் உள்நாட்டு அமைச்சர் பிளேவே கொல்லப்பட்டதன் பின்னாலும் அவர் இருந்தார்.

இத்தகைய பாத்திரத்தை எடைபோட எளிய வழி ஒன்று உண்டு. அவரை நீக்கிவிட்டால் அந்தக் குற்றம் நடந்திருக்குமா என்று கேளுங்கள். ஆம் என்றால் அவர் வெறும் காது. இல்லை என்றால் அவர்தான் கை.

காலவழு

ஒரு காலத்தில் இல்லாத பொருளோ சொல்லோ எண்ணமோ கதையில் புகுந்துவிட்டால் அது காலவழு. பொருளில் வரும் வழுவைப் பிடிப்பது சுலபம். 1850இல் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் வந்தால் புத்தகத்தின் மேல் சந்தேகம் வரட்டும்: அப்போது இங்கே கோப்பி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராகத் தொடங்கியது 1867இல். 1900இல் ஒருவர் பதுளையில் ரயில் ஏற முடியாது, பாதை அங்கே போய்ச் சேர்ந்தது 1924இல். 1886ஆம் ஆண்டுச் சிக்காகோவில் துப்பறிபவர் கைரேகை ஒப்பிட்டால் அதுவும் வழு. இலண்டன் ஸ்கொட்லண்ட் யார்ட்டே கைரேகைப் பிரிவு தொடங்கியது 1901இல்.

சொல்லில் வரும் வழுதான் கண்ணுக்குத் தப்பும். முல்லோயாக் காலத்துக் கதையில் ஒரு பொலிஸ்காரர் "ஸ்ரீலங்கா" என்று பேசினால் பிழை. அந்தப் பெயர் உத்தியோகபூர்வமாக வந்தது 1972இல். 1940இல் தொழிலாளி ஒருவர் இ.தொ.கா., அதாவது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், அங்கத்தவர் என்று எழுதினாலும் பிழை. அன்று இருந்தது இலங்கை இந்தியன் காங்கிரஸும் அதன் தொழிற்சங்கமும், இன்றைய பெயர் 1950இல் வந்தது.

ஒரு வழு இருப்பதாலேயே புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். சில்லறைப் பொருளில் தவறியவர் சட்டத்தில் சரியாக இருக்கலாம். சட்டத்தில் தவறியவரை நம்புவதுதான் கடினம்.

பழைய பிரதிக்கு மூன்று கடிகாரம்

எந்த வரலாற்று நாவலுக்கும் இரண்டு காலம் உண்டு: கதை நடக்கும் காலம், அதை எழுதிய காலம். பழைய பிரதிக்கு மூன்றாவதாக நீங்கள் வாசிக்கும் காலம் சேர்கிறது. எழுதிய காலத்தை அறியத் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். "முதற் பதிப்பு" என்ற வரியில் உள்ள ஆண்டுதான் வேண்டியது. "மறுபதிப்பு" ஆண்டு அச்சகத்துக்கு உரியது. ஆங்கிலப் புத்தகத்தில் 10 முதல் 1 வரை இலக்கங்கள் வரிசையாக இருந்தால், அதில் மிகச் சிறியது எத்தனையாவது அச்சு என்று காட்டும். சர்வதேச நூல் எண் (ISBN) பத்து இலக்கமாக மட்டும் இருந்தால் பெரும்பாலும் 2007க்கு முந்திய பிரதி. எண்ணே இல்லாவிட்டால் 1970க்கு முந்தியதாக இருக்க வாய்ப்புண்டு.

இந்த ஆண்டு ஏன் முக்கியம்? பிரித்தானிய அரசுக் கோப்புகளைப் பொதுவாக 50 வருடம் பூட்டி வைக்கும் வழக்கம் இருந்தது, அது 30 வருடமாகக் குறைந்தது 1968இல். ஆகவே 1960இல் எழுதியவர் 1937ஆம் ஆண்டுக் குடியேற்ற நாட்டுக் கோப்பைப் பார்த்திருக்க வழியில்லை. அவருடைய இடைவெளி பெரியது, புனைவும் பெரியது. அது அவர் குற்றமல்ல.

காசு கொடுக்கும் முன் இன்னொன்று. பழைய புத்தகங்கள் பாரம் பாரமாக அச்சாகிக் கட்டப்பட்டவை. ஒரு பெரிய தாளை மடித்து வரும் பக்கத் தொகுதிதான் பாரம், வழக்கமாகப் 16 பக்கம். 1, 17, 33, 49ஆம் பக்கங்களின் அடியில் பொடி எழுத்தில் பாரத்தின் எண் இருக்கும். அவற்றைப் புரட்டித் தொடர்ச்சியைப் பாருங்கள். பசை காய்ந்து ஒரு பாரம் கழன்று விழுந்திருந்தால் மேலோட்டமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குற்ற நாவலில் கடைசிப் பாரத்தை முதலில் சரிபார்க்க வேண்டும்: குற்றவாளியும் ஆசிரியர் குறிப்பும் அங்கேதான் இருப்பார்கள். பார்க்கும்போது பக்க எண்ணில் மட்டும் கண் இருக்கட்டும், வரிகளை வாசித்துவிடாதீர்கள்.

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து ஈரத்தில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். சாம்பல் தூள் போல் இருந்தால் வீட்டுக்கு வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் துடைக்கலாம். வெயிலில் விரித்துக் காயவைத்தால் தாள் நெளிந்து முதுகு வெடிக்கும். காற்றோட்டமான நிழலில் நிமிர்த்தி, பக்கங்களைச் சற்று விரித்து வையுங்கள். கறையான், இராமபாணப் பூச்சி துளைத்த பிரதியைச் சில நாள் தனியே வைத்துப் பார்க்காமல் மற்றப் புத்தகங்களோடு சேர்க்க வேண்டாம்.

சரிபார்க்கும் முறை

முதல் வாசிப்பை நிம்மதியாக முடியுங்கள். ஆசிரியர் குறிப்பைக் கதை முடிந்த பிறகே வாசியுங்கள். இரண்டாம் முறை கையில் பென்சிலோடு உட்கார்ந்து, ஓரத்தில் மூன்று எழுத்து மட்டும் போடுங்கள்: ஆவணம் என்று தோன்றினால் "ஆ", இடைவெளி என்றால் "இ", புனைவு என்றால் "பு". திகதி, இடம், பதவி, தீர்ப்பு, இறந்தவர் தொகை ஆகியவற்றுக்கு "ஆ" போடுவீர்கள். அறைக்குள் இருவர் பேசிய பேச்சு, சாகும் முன் ஒருவர் நினைத்தது எல்லாம் கிட்டத்தட்ட எப்போதும் "பு".

பிறகு "ஆ" போட்டவற்றில் கதை தொங்கிக்கொண்டிருக்கும் நான்கைந்தை மட்டும் தேடினால் போதும். அந்த நாட்களின் பத்திரிகையிலிருந்து தொடங்குங்கள். ஆனால் அன்றைய பத்திரிகைகளுக்கும் ஒரு பக்கம் இருந்தது. தோட்டத்துரைமார் வாசித்த தாளும் தொழிலாளருக்காக வந்த தாளும் ஒரே வேலைநிறுத்தத்தை இரு வேறு சம்பவங்களாக எழுதியிருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேசிய சுவடிகள் திணைக்களம் பழைய பத்திரிகைகளையும் அரச கோப்புகளையும் பாதுகாக்கிறது. தமிழ்ச் சஞ்சிகைகளும் மலையக நூல்களும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வழக்கு என்றால் சட்ட அறிக்கைத் தொகுதி. பிரேஸ்கேடில் தீர்ப்பு புதிய சட்ட அறிக்கைகளின் 39ஆம் தொகுதியில் 193ஆம் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. சட்டத்தரணிகளின் அலுவலகத்திலும் பெரிய நூலகங்களிலும் அந்தத் தொகுதி இருக்கும். அதில் எத்தனை நீதியரசர்கள் அமர்ந்தார்கள், தேசாதிபதி தரப்பு எதை வாதிட்டது என்பதைப் பார்த்துவிட்டு நாவலின் நீதிமன்றக் காட்சிக்குத் திரும்பினால், ஆசிரியர் எங்கே அறிக்கையிலிருந்து பெயர்த்தெடுத்தார், எங்கே தாமாகப் பேசினார் என்று வரி வரியாகத் தெரியும்.

எழுத்துப் போடுவதற்கு 2பி பென்சில் போதும், அழுத்தாமல். பேனா மை மலைநாட்டு ஈரத்தில் மறுபக்கத்துக்கு ஊறிவிடும், அந்தப் பிரதியை அடுத்து வாங்குபவர் இரண்டு பக்கமும் வாசிக்க வேண்டும்.